அறுப்பின் பண்டிகையில் ஏலம்போன கிதார்

இங்கிலாந்தில் ஏதோ ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த வெள்ளைக்காரப் பையன்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர்களில் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. அவர்கள் வாசித்தது அறுபதுகளில். என் வீட்டுக்குள் வந்தது எண்பதுகளின் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனனின் பெட்டியில், ஆறு கேசட்டுகளாக.

என் மகள் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். சபைப் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பாள். அதை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். கேசட்டுகள் வந்தபின் வீட்டில் கீர்த்தனை நின்றது. சைக்கிள் கடையில் ஒரு துண்டு இரும்புக் குழாயை அறுத்து வாங்கி, விரலில் மாட்டி, கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தாள். ஆள் அழுவது போலவே கேட்கும்.

“சார் வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?” என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் பாளையம்பட்டி டீக்கடையில் அதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள்.

கேசட்டோடு ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் வந்திருந்தது. நான் சரித்திர வாத்தியார், வரிவிடாமல் படித்தேன். பருத்திக் காட்டுக் கூலிகளின் பாட்டு அது. அமெரிக்க வெள்ளைக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கிலாந்துப் பையன்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு குழு அமைத்தார்கள். சில குழுக்கள் பள்ளிக்கூடம் மாதிரி. ஒருவன் வந்து பழகுவான், தேறியதும் பிரிந்துபோய்த் தனிக்குழு தொடங்குவான். கடைசியில் அந்தப் பாட்டை அமெரிக்காவுக்கே கொண்டுபோய் விற்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் பருத்தியை அள்ளிப்போய்த் துணியாக்கி நமக்கே விற்றவர்களின் பேரன்கள் வேறு என்ன செய்வார்கள்? என் தகப்பனும் தாயும் திருச்சுழிப் பக்கம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அங்கிருந்து வெளியேற எங்களுக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. என் மகளோ அந்த முனகலை விரும்பிப் படிக்கிறாள்.

“திருட்டுப் பாட்டும்மா இது” என்றேன்.

“திருடுனவன் யார்கிட்ட எடுத்தேன்னு சொல்லுவானாப்பா? இவுக சொன்னாக. அந்த வயசான கறுப்புப் பாட்டுக்காரவுகளை வரவழைச்சு மேடையில உக்கார வச்சு, பக்கத்துல நின்னு வாசிச்சாக.”

“காசு யாருக்குப் போச்சு?”

“ஏமாத்துனவுகளும் இருக்காக, இல்லேங்கலை. ஆனா இவுக வாசிக்கலேன்னா அந்தப் பாட்டு என் காதுக்கு வந்திருக்காது. தாத்தா காட்டுல பாடுனதை நீங்க ஒரு நாளாவது எனக்குப் பாடிக் காட்டியிருக்கீகளா?”

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

அடுத்த மாதம் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பத்தை நீட்டினேன். தொடவில்லை. “மதுரையில ஒரு ஓட்டல்ல கிதாருக்கு ஆள் கேக்காக. மாமா விசாரிச்சுட்டாரு. நான் போறேன்” என்றாள். குடிப்பவர்கள் நடுவில் என் மகள் உட்கார்ந்திருப்பதை நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று. கிதார் இல்லாவிட்டால் எப்படிப் போவாள் என்று யோசித்தேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஆலயத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அப்படி வைத்ததைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வராது. கம்பு மூட்டைக்கும் மிளகாய் வத்தலுக்கும் நடுவே அவள் கிதாரைக் கொண்டுபோய் வைத்தேன். பாடகர் வரிசையில் நின்றிருந்த அவள் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு பாடினாள்.

ஏலம் விட்ட சபை மூப்பர் கிதாரைத் தூக்கிக் காட்டினார். “வாத்தியார் தோட்டத்து வெள்ளாமை! கேளுங்கய்யா!”

“அம்பது” என்று ஒரு குரல்.

“ஏலே, உனக்கெதுக்குலே? எருமைக்கு வாசிக்கவா?” என்றபடி அரிசி ஆலைக்காரர் நூறு என்றார்.

“நூத்தியம்பது” என்றாள் என் மகள்.

ஆலைக்காரருக்கு விளையாட்டு. “இருநூறு!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முன்னால் நடந்துபோய், இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “இது போதுமாய்யா?”

சிரிப்பு நின்றது. மூப்பர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நிறுத்தியிருப்பார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒருதரம். ரெண்டுதரம்.” மூன்றாம் தரம் சொல்லாமலே கிதாரை அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனாள். என் மனைவி பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். மூப்பர் அடுத்ததாக ஒரு பூசணிக்காயைத் தூக்கி, “சார், இதை நீங்க எடுத்துக்கிறீகளா?” என்றார். எடுத்துக்கொண்டேன்.

அவள் அன்றைக்கே மதுரைக்குப் போய்விட்டாள். ஓட்டலில் வாசித்தாள், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாளாம். கிறிஸ்துமஸுக்குக் கிதார் இல்லாமல் வெறுங்கையோடு வருவாள். போன வருடம் அவள் அம்மா கேட்டாள், “ஏம்மா, அதையும் கொண்டாந்து ஒரு பாட்டு வாசிச்சா என்ன?”

“கொண்டாந்தா, அப்பா மறுபடியும் ஆண்டவருக்குக் குடுத்துருவாக.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் ஊருக்குப் போனபின்பும் நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.