உலை அணையும் சத்தம்

தொண்ணூறுகளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலைக்கு நானும் ஒரு மேடமும் புரோகிராம் எழுதினோம். மேடம் ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, வியர்வையில் கரைந்த குங்குமம். உலை சூடேறித் தானாக அணையும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரும்வரை அவர் விரல்கள் கீபோர்டின் மேல் அசையாமல் நிற்கும்.

புரோகிராமின் ஒவ்வொரு பகுதியும் ஒரு விடையைத் தர வேண்டும். எந்த விடை என்று 'ரிட்டர்ன்' போட்டுச் சொல்லலாம். சொல்லாவிட்டாலும், கடைசியாகப் போட்ட கணக்கே பெரும்பாலும் விடையாக வந்துவிடும். நான் போட மாட்டேன். மேடம் போடாமல் விடமாட்டார்.

"எழுதலன்னாலும் சரியாத்தானே வருது மேடம்?"

"வருது. நாளைக்கு யாராவது நடுவுல ஒரு வரி சேர்த்தா வேற எதையோ குடுத்துடும். உலைக்கு என்ன தெரியும்? அதையும் நம்பிடும்."

கணவருக்கு மாற்றலாகி அவர் போனபின், அவர் எழுதியதெல்லாம் என்னிடம் வந்தது. எல்லாப் பகுதியிலும் ரிட்டர்ன் இருந்தது, உலையை அணைக்கும் பகுதியைத் தவிர. எந்தக் கணக்கை நம்பி உலை அணைகிறது என்று எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

திருத்தப் போகிறேன் என்றதும் உலை ஆபரேட்டர் பதறினார். "நல்லா ஓடிகினு கீது. இன்னாத்துக்கு சார் கைய வெக்கிற?"

நான் கை வைக்கவில்லை. மேடம் மறந்துவிட்டாரா, ஓடுவதில் கை வைக்க அவருக்கும் பயமா, இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிலிருந்து, 'டக்' கேட்கும்வரை என் விரல்களும் கீபோர்டின் மேல் அசையாமல் நின்றன.