நான் சீக்கிரம் போன ஒரே நாள்

எமர்ஜென்சி காலத்தில் ரயில்கள்கூட நேரத்துக்கு வந்தன என்று இன்றும் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. வந்திருக்கலாம். நான் வரவில்லை.

அப்போது நான் தில்லியில் ஒரு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தா. மூன்று வருஷமாகத் தற்காலிகம். காலை பத்தேகாலுக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவனின் பெயரை நிர்வாகப் பிரிவு அதிகாரி ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு லிஸ்டில் எழுதுவார். அந்த லிஸ்ட் மேலே போகும். என் பெயர் ஏற்கெனவே இரண்டு தடவை மேலே போய்விட்டது. என் செக்‌ஷன் ஆபீசர் பஞ்சாபி, நல்ல மனிதர். கூப்பிட்டுச் சொன்னார்: "மூன்றாவது தடவை போனால் என் கையில் ஒன்றுமில்லை, பாய். தற்காலிக ஆளை வீட்டுக்கு அனுப்ப ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரியை டைப் அடிக்கவேண்டியவனும் நான்தான்.

வீட்டில் மனைவி, ஐந்து மாதக் குழந்தை. ஆர்.கே.புரத்தில் ஒற்றை அறை. பயத்தில் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இதை எந்த அதிகாரியிடமாவது விளக்க முடியுமா?

எங்கள் செக்டாரிலிருந்து ஒரு சார்ட்டர்டு பஸ் போகும். நாற்பது பேர், முக்கால்வாசி தமிழர்கள். அவரவருக்கு அவரவர் சீட். யார் வரவில்லையோ அவருக்காக இரண்டு நிமிஷம் நிற்கும் என்பது பஸ்ஸின் சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றி நிர்வகித்தவர் ஒரு திருநெல்வேலிக்காரர். எங்கள் அலுவலகத்திலேயே ஹெட்கிளார்க். வயது ஐம்பத்து நாலு. ஐம்பது தாண்டியவர்களைத் 'திறமைக் குறைவு' என்று முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கும் ராத்திரி தூக்கம் கிடையாது. ஆனால் அவர் காலையில் எழுந்துவிடுவார்.

என் விஷயம் தெரிந்ததும் அவர் பஸ்ஸில் எழுந்து நின்று அறிவித்தார்: "இனிமே இவன் நம்ம பொதுப் பிரச்சினை வே."

மறுநாளிலிருந்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழு மணிக்கு அவர் வந்து கதவைத் தட்டுவார். ஏழரைக்கு என் பக்கத்து சீட்காரர், கோயமுத்தூர்க்காரர், வாக்கிங் போகிற சாக்கில் வந்து, "ஏனுங்க, குளிச்சாச்சுங்களா?" என்று ஜன்னல் வழியே விசாரிப்பார். பஸ் ஓட்டும் சர்தார்ஜி என் தெரு முனை வழியாகச் சுற்றி வந்து ஹாரன் அடிப்பார். நான் ஏறினதும் நாற்பது பேரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். "பாப்பா நல்லாத் தூங்கிச்சா?" என்று யாராவது கேட்பார். என் குழந்தையைப் பற்றித்தான் என்று முதல் நாள் நினைத்து, "ராத்திரி ஒரே அழுகை சார்" என்று பதில் சொன்னேன். பஸ் முழுக்கச் சிரித்தது.

மூன்று வாரம் இப்படி ஒரு நாள்கூட லேட் இல்லை. நன்றியோடு இருந்திருக்கவேண்டும். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கல்யாணமானவன், பி.ஏ. படித்தவன், என்னால் தனியாக ஒரு காலைப்பொழுதைச் சமாளிக்க முடியாதா? காட்டுகிறேன் பார் என்று முடிவு செய்தேன்.

மனைவி குழந்தையோடு கோல் மார்க்கெட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போயிருந்த சமயம். ஜனவரி மாதப் பனி. ஐந்து மணிக்கு எழுந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆறரைக்கெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, இரண்டு டவுன் பஸ் மாறி, ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். பெருக்குகிறவர் என்னை வெளியாள் என்று நினைத்து, "சாஹிப்லோக் பத்து மணிக்குத்தான் வருவார்கள்" என்றார். ரிஜிஸ்டரில் முதல் கையெழுத்து என்னுடையது. செக்‌ஷன் ஆபீசர் வந்து பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து, கை குலுக்கினார்.

பத்தேகால் ஆயிற்று. கேட்டை மூடினார்கள். ஹெட்கிளார்க் நாற்காலி காலி. அவரையும் சேர்த்து, எங்கள் பஸ்ஸில் வரும் எங்கள் அலுவலகத்துப் பதினோரு பேருடைய நாற்காலிகளும் காலி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பனி மூட்டம், பஸ் மெதுவாக வருகிறது என்று நினைத்தேன். பத்து நாற்பதுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வந்து நின்றது. பதினோரு பேரும் இறங்கி, மூடிய கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். நிர்வாகப் பிரிவு அதிகாரி லிஸ்டோடு வந்தார். ஹெட்கிளார்க் வரிசையில் முதல் ஆள். தற்செயலாக நிமிர்ந்தவர் மாடி ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

திட்டுவார் என்று தலையை உள்ளே இழுக்கப் போனேன். அதற்குள் அவர் திரும்பிப் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. "இருக்கான் வே. உள்ளதான் இருக்கான்."

பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லேட் லிஸ்டில் பெயர் ஏறப்போகிற பதினோரு முகங்களில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கோயமுத்தூர்க்காரர் கையை வேறு ஆட்டினார்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கேட்டைத் திறக்கச் சொல்லி வெளியே போய் அதிகாரியிடம், "சார், தப்பு என்னுடையது. எனக்காகக் காத்திருந்துதான் இவர்கள் லேட்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்தார். "பெயர்?" என்றார்.

சொன்னேன். பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டார்.

"மூளை இருக்கா லே உனக்கு?" என்றார் ஹெட்கிளார்க். அன்றைக்கு அவர் என்னைத் திட்டிய முதல் திட்டு அதுதான்.

வேலை போயிற்று என்றே நினைத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஆனால் என் செக்‌ஷன் ஆபீசர் காகிதத்தை மனிதர்களைவிட அதிகமாக மதிப்பவர். மத்தியானம் ஒரு குறிப்பு எழுதினார்: லிஸ்டில் கண்ட பன்னிரண்டாவது நபர் ஒன்பது மணிக்கே ரிஜிஸ்டரில் கையெழுத்திட்டிருக்கிறார், நான் வந்தபோது அவர் சீட்டில் இருந்ததை நானே கண்ணால் பார்த்தேன், எனவே லிஸ்டின் நம்பகத்தன்மை பரிசீலனைக்குரியது. ஒரு பெயராவது பொய்யாக இருக்கும் லிஸ்டை மேலே அனுப்பி மாட்டிக்கொள்ள நிர்வாகப் பிரிவு தயாராக இல்லை. லிஸ்ட் அப்படியே ஃபைலுக்குள் போய்ப் படுத்துவிட்டது. என் முட்டாள்தனத்தால் பதினோரு பேர் பிழைத்தார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில்தான் முழுக் கதையும் தெரிந்தது. பூட்டைப் பார்த்ததும், மற்ற ஆபீஸ்காரர்களை டவுன் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, பால் பூத் கியூவில் இருப்பேன் என்று அங்கே போயிருக்கிறார்கள். அங்கே இல்லை. சலூனில் இல்லை. கடைசியில், வேலை பயத்தில் சாமி கும்பிடப் போயிருப்பேன் என்று இரண்டு பேர் மலை மந்திர் படியேறி முருகன் சன்னதி வரைக்கும் தேடியிருக்கிறார்கள்.

"என்னைக் கோயில்ல தேடினீங்களா?" என்றேன்.

"பூட்டின கதவைப் பார்த்தா மனசு எங்கெங்கயோ போகுதுங்க," என்றார் கோயமுத்தூர்க்காரர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹெட்கிளார்க் மட்டும் விடவில்லை. "ஒழுங்கா இருக்கணும்னு தோணுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒழுங்கா இரு லே. திடுதிப்புனு திருந்தி ஆளைக் கொல்லாதே."

ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. அதைச் சாயங்காலம் பஸ்ஸில் ஹெட்கிளார்க்கிடம் காட்டக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டுப் பின் சீட்டுக்குக் கொடுத்தார். அங்கிருந்து அதற்குப் பின் சீட்டுக்கு. தமிழர்கள், மற்றவர்கள் எல்லாரும் படித்தார்கள். ஆடிட்காரர் ஒருவர் இரண்டு டைப்பிங் பிழைகளைக் கண்டுபிடித்துப் பென்சிலால் சுழித்தார். சிக்னலில் நின்றபோது சர்தார்ஜி வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "பஹுத் அச்சா" என்றார். ஆர்.கே.புரம் வந்து இறங்கும்போதுதான் அது என் கைக்கு வந்தது, யாரோ தின்ற பக்கோடாவின் எண்ணெயோடு. அதுவரை அதை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை.