தம்பிக்கு வாங்கிய பூ

என் தம்பி இந்த நாட்டு இராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்தவன். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த தமிழன். அமைதி காக்கும் பணிக்கென்று நீலத் தொப்பியோடு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே லொறி கவிழ்ந்து இறந்தான். கொடி போர்த்திய பெட்டியில் வந்தான். சொந்தக்காரரில் பாதிப்பேர் செத்தவீட்டுக்கு வரவில்லை. "ஆமிக்காரனுக்கு என்ன அழுகை?" என்று ஒருவர் போனிலேயே கேட்டார். ஆமியிடம் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய கோபம் எனக்கு விளங்கியது. என்னால் இன்றுவரை விழுங்க முடியாதது வேறொன்று.

ஒவ்வொரு நவம்பரிலும் இறந்த படையினரின் நினைவு நாளுக்குக் குடும்பங்களை அழைப்பார்கள். போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒருமுறை மகளும் வருகிறேன் என்றாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரை தண்டவாளம் ஓரமாக நடந்த சித்தப்பாவை அவளுக்கு நல்ல ஞாபகம்.

"இந்த முறை பூ நான்தான் வாங்குவன். நீங்கள் வாங்கினா எப்பவும் அந்த வாடின செவ்வந்திதான்" என்றாள்.

நான் கொட்டாஞ்சேனைக் கோயிலில் தம்பி பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பஸ்ஸிலேயே திருநீற்றைத் துடைத்துவிட்டேன். செக்பொயின்ற் எல்லாம் எடுத்த பிறகும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மகள் வெள்ளவத்தையிலிருந்து வந்து, வழியில் கொள்ளுப்பிட்டியில் பூ வாங்கிக்கொண்டு, நினைவிடத்தின் வாசலில் எனக்காக நின்றாள். பூக்கொத்தைத் தாளால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள்.

வாசலில் நின்ற இளம் சிப்பாய் தாளைப் பிரித்தான். வெள்ளை லில்லிகளுக்கு நடுவே, சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்பைப் போல மேல்நோக்கி வளைந்த இதழ்கள். கார்த்திகைப்பூ.

வடக்கில் இயக்கம் தன்னுடைய பூவாக வைத்திருந்த பூ அது. இறந்த தன் போராளிகளை அது நினைவுகூர்ந்ததும் இதே மாதத்தில்தான். அந்தச் சிப்பாய் வன்னியில் நின்றவனாக இருக்க வேண்டும். அவனுக்கும் உடனே தெரிந்துவிட்டது. கொழும்பிலேயே பிறந்த என் மகளுக்கு மட்டும் அது தெரியாது. அந்தப் பேச்சே அவள் காதில் விழாமல் வளர்த்தவர்கள் நாங்கள். பயத்தில் அப்படி வளர்த்தோம்.

அவளை வாசலுக்குப் பக்கத்துக் கூடாரத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். உள்ளே ஒரு அதிகாரி இருந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"யார் இதை வாங்கச் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. வடிவாக இருந்தது."

"வடிவாக இருந்தது." அவர் சிப்பாயைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மாதத்தில், இந்த இடத்துக்கு, இந்தப் பூ. எந்த ஸ்கூல்? எந்த டியூஷன்? போனைத் தா."

"கடைக்கார அய்யேதான் எடுத்துத் தந்தார், சேர். நியங்கலா, நல்ல பூ என்று சொன்னார்." நியங்கலா அதன் சிங்களப் பெயர்; அய்யே என்றால் அண்ணன்.

"கடைக்காரன் சிங்களவனா?"

"ஓம்."

"அவன் விற்கலாம். நீ ஏன் வாங்கினாய்?"

ஒரே பூ, ஒரே காசு. கடைக்காரன் கையில் இருக்கும்வரை அது பூ. என் பிள்ளை கைக்கு மாறியதும் அது சாட்சி.

"என் தம்பியின் பெயர் உள்ளே கல்லில் இருக்கிறது. உங்கள் சீருடையில் செத்தவன்" என்றேன்.

அவர் எழுந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்தார். "வீரரின் அண்ணாவா? நீங்கள் உள்ளே போங்கள் மஹத்தயா, முன்வரிசையில் ஆசனம் இருக்கும். நங்கி இங்கே இருக்கட்டும்." நங்கி, தங்கை என்று என் மகளைத்தான் சொன்னார்.

அந்த மரியாதைதான் என்னை எரித்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் போகவில்லை. கூடார வாசலில், புல்லிலேயே உட்கார்ந்தேன். மகள் என்னைப் பார்த்துத் தமிழில், "எழும்புங்கோ அப்பா, எல்லாரும் பாக்கினம்" என்றாள். "தமிழில் என்ன சொல்கிறாய்?" என்று அதிகாரி அதட்டினார்.

உள்ளே ஊதுகுழல் ஒலித்தது. மௌன அஞ்சலி. அதிகாரி விறைத்து நின்றார். சிப்பாய் நின்றான். மகளும் கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றாள். நானும் எழுந்தேன். என் தம்பிக்காக நாடே மௌனமாக நின்ற அந்த நேரம் முழுவதும், அதிகாரியின் கையிலிருந்த மகளின் போனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் யார் என்ன அனுப்பியிருப்பார்களோ, எந்தப் பிள்ளை என்ன பகிடி விட்டிருக்குமோ என்று. தம்பியின் முகம் ஒருமுறைகூட வரவில்லை. அதையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

பெரியவர்களின் வாகனங்கள் போய் முடிந்ததும் விட்டுவிட்டார்கள். விசாரித்து உண்மை தெரிந்ததால் அல்ல. அவர்கள் காவல் காக்க வேண்டிய பெரிய ஆட்கள் இனி அங்கே இல்லை என்பதால். மன்னிப்பு இல்லை. "பிள்ளையைக் கவனமாக வளருங்கள்" என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது. பூக்கள் மேசையடியில் கிடந்தன, லில்லிகளும் சேர்ந்துதான்.

அடுத்த வருடம் அதே மாதத்தில் அழைப்புப் போன் வந்தது. வரவேற்பறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரு பெண், நல்ல சிங்களத்தில், வருவீர்களா என்று கேட்டாள். ஒரு வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் என் நாக்குக்கு வந்தன. என் வாய் சொன்னதோ, "மகளுக்குப் பரீட்சை, மிஸ். இந்த முறை கஷ்டம்."

மகள் எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வருவோம், மிஸ். எங்கள் சித்தப்பா. எந்தெந்தப் பூ கொண்டுவரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக அந்தப் பெண் சொன்னாள். "கேளுங்கள். நான் போனை வைக்காமல் நிற்கிறேன்" என்றாள் மகள்.

"வை பிள்ளை, போனை வை" என்று நான் கெஞ்சினேன். அவள் வைக்கவில்லை.