நோட்டீஸில் இருந்த பெயர்

பெரியப்பா முந்நூறு படங்களில் நடித்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். கல்யாண வீட்டில் முந்நூறு, சாவு வீட்டில் முந்நூற்றைம்பது. நான் உட்கார்ந்து எண்ணியபோது ஐம்பத்து மூன்று வந்தது. அதிலும் பதினொன்றில் அவர் பிணம்.

எண்ண வேண்டிய கட்டாயம் அம்மாவால் வந்தது. மதுரையில் ஒரு கலை மன்றம் ஆண்டுதோறும் மூத்த நடிகர் ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் பட்டயம் கொடுக்கும். நாடகத்திலும் சினிமாவிலுமாக நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்ட பெரியப்பாவுக்கு அந்தப் பட்டயம் என்றால் உயிர். சாவதற்குள் ஒருமுறையாவது தன் பெயரை மைக்கில் கூப்பிட வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனைதான் கடினம்: டைட்டிலில் பெயர் வந்த படங்கள் பத்துக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

"நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற. உக்காந்து எழுதிக் குடேன்" என்றாள் அம்மா.

நான் மென்பொருள் சோதிப்பவள். பிறர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை இதற்கென ஒதுக்கினேன். எக்செல் தாளில் படம், வேடம், எத்தனை நிமிடம் வருகிறார், வசனம் உண்டா, கடைசியில் உயிரோடு இருக்கிறாரா, டைட்டிலில் பெயர் உண்டா என்று பத்திகள் போட்டேன். படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன். முதலில் 'நடிப்பு' என்றும் ஒரு பத்தி இருந்தது. மூன்றாவது வாரம் அதை நீக்கிவிட்டேன். எல்லா வரியிலும் ஒரே விடைதான் வந்துகொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் மொத்தம் மூன்று சரக்கு. வருத்தம் என்றால் இருமுவார். கோபம் என்றால் தோள் துண்டை உதறுவார். மற்ற எல்லாவற்றுக்கும் வானத்தைப் பார்ப்பார். கூரைக்கு அடியில் நின்றாலும் பார்ப்பார். பஞ்சாயத்துப் பெரியவர், பெண்ணைப் பெற்றவர், கோயில் தர்மகர்த்தா, டீக்கடைக்காரர் எல்லாரும் இருமினார்கள், உதறினார்கள், அண்ணாந்தார்கள். பிணமாகக் கிடந்தபோதுதான் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கிறார். அதிலும் ஒரு படத்தில் கண் இமை ஆடுகிறது.

வீட்டிலும் அதே சரக்குதான். அவர் ஷூட்டிங் ஷூட்டிங் என்று திரிந்த காலத்தில் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் என் அப்பா. அப்பா இறந்த அன்று பெரியப்பா இரண்டு முறை அழுதார். முதல் முறை அழுதபோது வீடியோக்காரர் வந்திருக்கவில்லை.

தாளை முடித்துக்கொண்டு அவனியாபுரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "டைட்டில்ல பேரு வந்தது ஒம்பதுதான் பெரியப்பா."

"ஒம்பதா? ஏத்தா, கண்ணாடியத் தொடச்சுட்டு நல்லாப் பாரு."

"கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு."

உள்ளே போய் ஒரு கட்டுப் பழைய போஸ்டர்களைக் கொண்டுவந்து விரித்தார். ஒவ்வொன்றிலும் கீழ் வரிசையில் ஓர் இடம் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. குனிந்து படித்தேன். 'மற்றும் பலர்' என்றிருந்தது.

"இதையும் சேத்துக்க" என்றார்.

"இதுல உங்க பேரு எங்க இருக்கு?"

"அந்தப் பலர்ல முக்கியமானவன் நாந்தேன். மொத்தமே நாலு பேரு. மத்த மூணு பேரும் சும்மா கூட்டத்துல நின்னாய்ங்க."

"பலர்னு போட்டா பேரு இல்லைன்னு அர்த்தம்."

"உங்கப்பன் மாதிரியே பேசுறத்தா" என்று சொல்லி இருமினார்.

ஒன்று குறைகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நேர்த்திக்கடனுக்குத் தாடி வளத்த வருசம் ஒரு படத்துக்குப் போனாரே, அது இருக்கா?" என்றாள். பிணமாக வந்த படங்களைக்கூட விடாமல் எழுதிக் கொடுத்திருந்த பெரியப்பாவின் பட்டியலில் தாடி வைத்த படம் எதுவும் இல்லை. அம்மா சொன்ன படப் பெயரை வைத்துத் தேடிப் பிடித்து ஓட்டினேன்.

நாலு நிமிடக் காட்சி. மகளைப் பார்க்கப் பலகாரப் பையோடு ஹாஸ்டல் வாசலுக்கு வருகிறார் ஒரு கிராமத்துத் தகப்பன். அவள் யாருடனோ போய்விட்டாள் என்கிறார் காவலாளி. தகப்பன் தலையாட்டுகிறார். பையில் இருக்கும் முறுக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காவலாளியிடம் கொடுக்கிறார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "பை வீட்டுக்காரியோடது, அத மட்டும் குடுங்க" என்று கேட்கிறார். வாங்கி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார். இருமவில்லை. துண்டை உதறவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை. எப்போது வேகத்தைக் குறைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

டைட்டிலுக்குத் திரும்பிப் போனேன். பெரியப்பாவின் பெயர் இல்லை. இன்னொரு நாடக நடிகரின் பெயர் இருந்தது. போன வருடம் அதே மன்றத்தில் பட்டயம் வாங்கியவர் அவர்.

மறுநாள் போனபோது பெரியப்பா மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பாதி மீசை கறுத்திருந்தது.

"அந்தப் பைய மடிக்கிறது நீங்கதானே?"

பிரஷ் நின்றது.

எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். தனித்தனியாகப் பேசிவைத்து, அவரவர் பெயரை நோட்டீஸில் அச்சடித்துவிடுவார்கள். ஒத்திகை இல்லை, மேடையில்தான் சந்திப்பு. அச்சடித்த ஆள் வர முடியாமல் போனால் வேறொருவர் போவார். அன்றைக்கு அவரை நோட்டீஸில் உள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"திருவாதவூர்ல நாடகம். நோட்டீஸ்ல அவன் பேரு. அவனுக்குக் காய்ச்சல், நான் போனேன். முன்னால உக்காந்து பாத்த சினிமாக்காரன் ஒருத்தன் நோட்டீஸ மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுப் போய்ட்டான். அப்புறம் ஆள் அனுப்புனான், இந்தப் பேருல இருக்க தாடிக்காரர் வரணும்னு. தாடி வச்சவன் நான் ஒருத்தந்தேன்."

"அங்க போயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? அன்னைக்கு மேடையில நின்ன ஆளத்தேன் கூப்புட்டாய்ங்க. நின்னது அவன். நோட்டீஸ்ல அவன் பேருல்ல இருந்துச்சு?"

"அவரு அந்தப் படத்தத் தன் லிஸ்ட்டுல எழுதித்தான் போன வருசம் பட்டயம் வாங்குனாராம்."

"அவன் பேருதானத்தா போட்டுருக்கு. நீ அத எழுதாத."

கூட்டத்தில் நின்ற படத்துக்கெல்லாம் சிவப்பு வட்டம் போடுகிற மனிதர், வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டு மீசையை மீதியும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். அன்று உண்மையைச் சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம்தான் பின்னால் நியாயமாக மாறியிருக்கிறது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து, பத்தாவது வரியில் அந்தப் படத்தை விளக்கத்தோடு எழுதி அனுப்பினேன்.

மன்றத்துச் செயலாளர் இரண்டு வாரத்தில் கூப்பிட்டார். "விசாரிச்சோம்மா. அது நான்தான்னு போன வருசம் பட்டயம் வாங்குனவரே சொல்லிட்டாரு. பெரிய மனுசன், பொய் சொல்லுவாரா?"

"படத்தப் பாத்தீங்களா சார்?"

"டைட்டில் பாத்தோம்மா."

டைட்டில் முடிந்த பிறகுதான் முகங்கள் வரும் என்பதை இவ்வளவு பெரிய கலை மன்றத்துக்கு யார் எடுத்துச் சொல்வது? அந்த வருடப் பட்டயம் ஒரு கல்யாண மண்டப உரிமையாளருக்குப் போனது. தானே எடுத்த ஒரே படத்தில் தானே நீதிபதியாக உட்கார்ந்தவர் அவர். பத்துப் படம் என்ற நிபந்தனை அவருக்கு மட்டும் தளர்ந்து கொடுத்தது.

செய்தியைச் சொல்ல நான் போவதற்குள் பெரியப்பாவே வீட்டுக்கு வந்துவிட்டார். விழாவுக்கென்று வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இந்த வருடம் இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"எழுதாதேன்னு சொன்னேன்ல. எழுதிட்டு அவன்கிட்டயே போய்க் கேட்டா, பின்ன என்ன சொல்லுவான்?"

நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது. லேப்டாப்புக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பைய மடிக்கிறதப் போடு. நீ ஓட்டுற மாதிரி வெரசா ஓட்டாத."

சாதாரண வேகத்தில் வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாலு நிமிடமும் அசையாமல் பார்த்தார். தகப்பன் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் மறைந்ததும் எழுந்து செருப்பைத் தேடினார்.

"அவன் நல்லாத்தேன் பண்ணிருக்கான்" என்றார்.