அமெரிக்கப் பூச்சியும் என் கறிவேப்பிலையும்

போன சனிக்கிழமை என் தங்கை ஒஹாயோவிலிருந்து வந்து இறங்கினாள். பக்குரங்காவில் இருக்கும் என் வீட்டு ஹாலில் சூட்கேஸைத் திறந்தால்... புடவை மடிப்பிலிருந்து அரிசி அளவில் ஒரு பழுப்புப் பூச்சி வெளியே வந்து, ஜன்னலோரமாக நிதானமாக நடந்தது.

"செருப்பால ஒண்ணு போடுக்கா," என்றாள்.

போட்டிருக்கலாம். ஆனால் பையில் ஒரு ஆப்பிளை மறந்தாலே ஏர்போர்ட்டில் அபராதம் போடும் ஊர் இது. டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டு, வெளிநாட்டுப் பூச்சிகளைத் தடுக்கும் அரசு பயோசெக்யூரிட்டி அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

பக்கத்தில் செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இருந்தது — என் கறிவேப்பிலை. நாலு குளிர்காலம் ஹீட்டர் பக்கத்தில் வைத்து வளர்த்தது. பூச்சி அதில் முட்டையிட்டிருந்தால் செடியை எடுத்துப்போய் அழிக்க வேண்டியிருக்குமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு வசந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வாரம் ஒரு கொத்து அவருக்கும் போகும்.

"நீர் ஏன் உண்மையைச் சொன்னனீர்?" என்றார். "செடியை என்ர பாத்ரூமுக்குள்ள கொண்டு வந்து வையும். அவை வந்தாப் பார்ப்பம்."

வைத்தேன். சட்டத்தை மதிக்கிறவள்தான். ஆனால் ரசம் என்று ஒன்று இருக்கிறதே?

திங்கட்கிழமை பூச்சியை மட்டும் எடுத்துப்போன அதிகாரி, புதன்கிழமை நல்ல செய்தியோடு வந்தார். வட அமெரிக்கச் செடிப்பூச்சி, ஆண். அதனால் முட்டைப் பயம் இல்லை. அது என்னதான் சாப்பிடும் என்று கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியாதாம். பெயர் வைத்ததோடு சரி, அப்புறம் யாரும் ஆராயவில்லையாம்.

நம்மவர்களிடம் விட்டிருந்தால்? ஒரே பொங்கல் விழாவில் என்ன விசா, வாடகை வீடா, சொந்த வீடா என்பது வரை விசாரித்திருப்பார்கள்.

எதற்கும் செடியை ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார் அதிகாரி. அக்கா வீட்டுக்கு ஓடினேன். பாத்ரூமில் செடி நின்றது... ஒரு இலை இல்லாமல், வெறும் குச்சியாக.

"அவை கொண்டு போனா இலை வீணாப் போயிடுமெல்லே," என்றார் அக்கா. "அதுதான் உருவி ஃப்ரீசருக்குள்ள வைச்சிட்டன். பாதி உமக்கு."

பின்னாலேயே வந்த அதிகாரி குச்சியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நாலே நாளில் இப்படித் தின்றது எந்தப் பூச்சி என்று கேட்டுக்கொண்டே, செடியை எடுத்துப்போக ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தார்.

நான் யோசிக்கவே இல்லை. அக்காவைக் கை காட்டினேன்.

நட்பு எப்படியும் துளிர்த்துவிடும். இந்தக் குளிரில் கறிவேப்பிலை துளிர்ப்பதுதான் கஷ்டம்.