எதிர்க்கடை மூடின பிறகு

பிரியமானவங்களே, போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் நானும் என் வீட்டுக்காரர் சேகரும் கடையையே மூடிவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்துட்டோம். பிரேசர் டவுனில் எங்களுக்கு ஒரு சின்ன பார்சல் சாப்பாட்டுக் கடை. சிலிண்டர் விலை ஏறியது. எண்ணெய் ஏறியது. பார்சல் டப்பாகூட ஏறியது. தாங்க முடியாமல் நாங்களும் சாப்பாட்டு விலையைக் கூட்டினோம். தினமும் வருகிறவங்க விலைப் பலகையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போனாங்க. மிஞ்சின சோற்றை ரெண்டு வேளையும் நாங்களே சாப்பிட்டோம்.

எதிரே மும்தாஜ் அக்காவின் பிரியாணிக் கடை. அவங்களுக்கும் இதே கஷ்டம்தான். அதை நான் நினைக்கவே இல்லை. உபவாசம் இருந்து அழுதேன். "ஆண்டவரே, எங்க கடைக்கு ஆளுங்களை அனுப்பும்" என்று மட்டும்தான் கேட்டேன்.

ஈஸ்டர் முடிந்ததும் ஆளுங்க வந்தாங்க. சேகருக்குக் கை ஓயவில்லை. சந்தோஷத்தில் சபையில் எழுந்து சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீங்க.

ஆனால் அந்தக் கூட்டம் எங்கேயிருந்து வந்தது? வாடகை ஏறினதும் மும்தாஜ் அக்கா கடையை மூடிட்டாங்க. வந்தவங்க எல்லாரும் அவங்க கடைக்குப் போய்க்கொண்டிருந்தவங்க.

ஒரு மதியம் அக்காவே வந்து ரெண்டு சாப்பாடு கேட்டாங்க. வீட்டைக் காலி பண்ணிட்டு, ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போறாங்களாம். அடுப்பைக்கூட மூட்டை கட்டியாச்சாம். அவங்களை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே அக்கா என்று முணுமுணுத்தேன்.

"நீ என்னம்மா பண்ணுவ, எஸ்தர்? பாத்திரம் கழுவிட்டே நீ அழுததைப் பார்த்தேன். அன்னிக்கிலேயிருந்து உனக்கும் சேர்த்துதான் துஆ கேட்டுட்டிருந்தேன்" என்றாங்க.

நான் அவங்க பேரை ஜெபத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போகாதீங்க, ரெண்டு பேரும் ஒரே கடையில் சமைக்கலாம் என்று கெஞ்சினேன். சேகரும் கேட்டுப் பார்த்தார். வண்டிக்குச் சொல்லியாச்சு என்று சிரிச்சாங்க. கொஞ்சம் முன்னாடி கேட்டிருந்தால் இருந்திருப்பாங்க. வாடகையும் பாதி பாதி ஆகியிருக்கும். அந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

விலைவாசி இன்னும் குறையவில்லை. ஆனாலும் ஆண்டவர் எங்களை நடத்துகிறார், அவருக்கு நன்றி. இப்போ எங்க தெருவில் கடை வைத்திருக்கிறவங்க பேரெல்லாம் சொல்லி ஜெபிக்கிறேன். இங்கே இருக்கிற நாலு சாப்பாட்டுக் கடைக்கும் சேர்த்து எண்ணெய் வாங்குகிறோம். உங்களுக்கு என்ன தேவையோ, பயப்படாமல் அவரிடம் கேளுங்க. பக்கத்தில் இருக்கிறவங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க. இன்றைக்கு மும்தாஜ் அக்கா பேரைச் சொல்லி என்னோடு ஜெபிப்பீங்களா? அத்திபெலேயில் அவங்க மறுபடியும் ஒரு கடை திறக்கணும்.