கண்டக்டரின் தொண்டை

ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள திருச்சியில் மருத்துவமனைக்கு வந்திருந்தார். ஆராய்ச்சி மாணவனான நான் ரத்தம் எடுக்கப் போனேன். நெடிய உருவம், கழுத்தில் சிறு கட்டி. நாற்காலி இருந்தாலும் எதிலாவது சாய்ந்து, காலை அகட்டி நின்றபடிதான் பேசுவார்.

"எதுக்குத் தம்பி இன்னொரு குழாய் ரத்தம்?"

"நோயை எதிர்க்கிற செல்கள் உங்க உடம்புல எத்தனை வகை இருக்குன்னு பாக்கத்தாங்க. வகை குறைஞ்சா புற்றுநோய் தப்பிச்சிடுதான்னு தேடுறோம்."

"அட, நம்ம பஸ் மாதிரி! உறையூர்க்காரன், தொட்டியத்துக்காரன்னு பல ஊர் ஆளும் இருந்தாத்தான் எந்த பிக்பாக்கெட்டையும் யாராவது ஒருத்தன் அடையாளம் சொல்லுவான்."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் வேலையை அப்பாவுக்கு விளக்க அன்றுதான் எனக்கு வார்த்தை கிடைத்தது.

ஊசி ஏறும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷன்ல குரல் போயிடலாமாமே? அப்புறம் நான் என்ன கண்டக்டர், சொல்லுங்க."

நான் ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்தினேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல நாள் அவர் பேச வாய் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. மறுபரிசோதனை நாளில் வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. பின்னாலிருந்து திடீரென்று ஒரு முழக்கம்:

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க!"

மொத்தக் கூட்டமும் நகர்ந்தது. எங்கள் பெரிய டாக்டர்கூட எதற்கென்றே தெரியாமல் இரண்டடி உள்ளே போனார். வராந்தாவே சிரித்தது. கழுத்துத் தழும்பைத் தடவியபடி அவர் தூணில் சாய்ந்து நின்றார்.

எங்கள் ஆராய்ச்சிக்கு இன்னும் விடை வரவில்லை. ஆனால் வெற்றி என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.